பெயர் கேளாத தொட்டில்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பாரதக் கூத்து பல இரவுகள் தொடர்ந்து நடைபெறும். அவற்றுள் கர்ண மோட்சம் ஆடப்படும் இரவில் கூட்டம் மிகுதி. களத்தில் வீழ்ந்து கிடக்கும் கர்ணனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு குந்தி அலறும் வேளையில், முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் சிறுவயது முதற்கொண்டே பார்த்து வருகிறேன். அப்பெண்களுள் ஒருவரேனும் குந்தியை ஏசக் கேட்டதில்லை. மணமாகாத கன்னி, ஊர்ப்பழிக்கு அஞ்சித் தான் பெற்ற குழந்தையைப் பெட்டியில் இட்டு ஆற்றில் விட்டாள். ஆறு அதைக் கொண்டுபோய் ஒரு தேரோட்டியின் கையில் சேர்த்தது. பெட்டி கவிழாமல் கரை சேர்ந்தது கதையில் வந்த நற்பேறு. மெய்யான ஆறுகளில் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை.

மாணவ மாணவியரே, ஆற்றுக்குப் பதிலாக ஒரு வாயிலை வைத்தால் என்ன, பெட்டிக்குப் பதிலாக ஒரு தொட்டிலை வைத்தால் என்ன என்று எண்ணிப் பார்த்த மக்களின் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன். அந்த வரலாற்றின் மிக அண்மையான பகுதிகளுள் ஒன்று நம் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணிலேயே எழுதப்பட்டது.

மேல்நாட்டார் இதற்கு முதலிற் கண்ட கருவி ஒரு சக்கரம். டைபர் ஆற்று மீனவரின் வலைகளில் பச்சைக் குழந்தைகளின் உடல்கள் சிக்குகின்றன என்று கேள்வியுற்ற போப் மூன்றாம் இன்னசென்ட், 1198-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் அதனை அமைக்கச் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சுவரில் ஒரு திறப்பு. அதனுள் சுழலும் மரப் பீப்பாய். வெளியில் நின்று குழந்தையை அதில் கிடத்திச் சுழற்றினால், அது கட்டடத்தின் உட்புறம் போய்ச் சேரும், மணி ஒலிக்கும். வைத்தவர் முகத்தை உள்ளிருப்பவர் காணார். எடுத்தவர் முகத்தை வெளியிலிருப்பவர் காணார். அந்தச் சக்கரத்தின் உயிர்நாடி இதுதான்: அது எவர் பெயரையும் கேட்காது.

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பட்டு வணிகர் சங்கத்தார் பெருஞ்செலவில் கட்டிய மாசற்றோர் விடுதி, 1445 பிப்ரவரி 5-ஆம் நாள் தன் முதற் குழந்தையை ஏற்றது. அது பெண் குழந்தை. அகதா ஸ்மெரால்டா என்று அதற்குப் பெயரிட்டார்கள். அவ்விடுதியில் குழந்தைகளை விட்டுச் சென்றோர் சிலர் ஒரு பதக்கத்தையோ நாணயத்தையோ இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் குழந்தையின் துணியில் முடிந்துவிட்டு, மறுபாதியைத் தம்மோடு கொண்டு போனார்கள். என்றேனும் ஒரு நாள் காலம் தேறினால், இரண்டு பாதியையும் பொருத்திக் காட்டிப் பிள்ளையைத் திரும்பப் பெறலாம் என்ற நம்பிக்கை அது. அப்படிப்பட்ட பாதிகள் இன்றும் அங்கே பாதுகாத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பெயரைச் சொல்லாத தாய் பிள்ளையை மறந்துவிட்டவள் அல்லள் என்பதற்கு அவற்றைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

இலண்டன் மாநகரத்துக் கதை வேறு வகையானது. தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர், தெருவோரங்களில் குழந்தைகள் கிடந்து மடிவதைக் கண்டு பல்லாண்டுகள் பிரபுக்களின் வாயில்தோறும் ஏறி இறங்கி, 1739-இல் அரச சாசனம் பெற்றார். 1741-இல் இல்லம் திறக்கப்பட்டது. வந்த தாய்மார்களின் தொகையோ இடத்தைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆகவே ஒரு பையில் வண்ண உருண்டைகளை இட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் குழந்தைக்கு இடம் உண்டு. சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். கறுப்பு வந்தால் திரும்பிப் போக வேண்டும். ஒரு தாய் தன் குழந்தையை ஏந்தி நின்று பைக்குள் கையை விடும் காட்சியை எண்ணிப் பாருங்கள்.

இக்கொடுமை நீங்க வேண்டுமென்று பாராளுமன்றம் 1756-இல் பணம் கொடுத்தது. வரும் குழந்தை ஒவ்வொன்றையும் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதித்தது. வாயிலில் ஒரு கூடை தொங்கவிடப்பட்டது. ஜூன் 2-ஆம் நாள், முதல் நாளிலேயே 117 குழந்தைகள் வந்தன. நான்காண்டுக்கும் குறைவான காலத்தில் வந்தவை ஏறக்குறைய 15,000. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இறந்துபோயின. பாலூட்டப் போதிய செவிலியர் இல்லை. தொலைவிலிருந்து கூடைகளிலும் வண்டிகளிலும் வந்தவை வழியிலேயே வாடின. 1760-இல் பாராளுமன்றம் கையை விரித்துவிட்டது. கதவைத் திறந்து வைப்பது எளிது. கதவுக்குப் பின்னால் பாலும் மருந்தும் ஆளும் இருக்க வேண்டும் என்பதை இலண்டன் அத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றது. பிரான்சில் நெப்போலியன் 1811-இல் பிறப்பித்த ஆணையால் மாவட்டப் பிரிவுகள்தோறும் சக்கரங்கள் ஏற்பட்டன. குழந்தைகளின் எண்ணிக்கையும் செலவும் கண்டு மருண்டு, அடுத்த ஐம்பதாண்டுக்குள் ஒவ்வொன்றாக அவற்றை மூடியும் விட்டார்கள்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கைவிடப்படும் சிசுவுக்கு அடைக்கலம் என்ற எண்ணம் நமக்கு மேல்நாட்டிலிருந்து அப்படியே வந்து இறங்கியதன்று. 1863-ஆம் ஆண்டில் புனே நகரில் சோதிராவ் பூலேயும் அவர் மனைவியார் சாவித்திரிபாயும் சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் ஒன்றைத் தொடங்கினார்கள். இளமையிலே விதவையாகி மறுமணத்திற்கு வழியில்லாத பெண்கள் கருவுற்றால் கிணற்றையோ கயிற்றையோ நாடிய காலம் அது. அத்தகையோர் மறைவாக வந்து பிள்ளை பெறலாம், விரும்பினால் குழந்தையை விட்டுச் செல்லலாம், விரும்பினால் எடுத்துச் செல்லலாம் என்று அறிவித்து ஊரில் விளம்பரம் ஒட்டினார்கள். எத்தனை ஏச்சு வந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வில்லத்தில் பிறந்த ஓர் ஆண் குழந்தையைப் பூலே தம்பதியர் தாமே மகனாக ஏற்றனர். யசுவந்த் என்ற அப்பிள்ளை பிற்காலத்தில் மருத்துவர் ஆனார். 1897-இல் புனேயைக் கொள்ளைநோய் வாட்டியபோது தாயும் மகனுமாக நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார்கள். அத்தொண்டிலேயே நோய் தொற்றிச் சாவித்திரிபாய் அவ்வாண்டு மார்ச் 10-ஆம் நாள் காலமானார்.

அதே காலத்தில் அரசாங்கம் கண்ட வழியோ தண்டனை. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முற்றிலும் கைவிடும் எண்ணத்துடன் ஓரிடத்தில் விட்டுச் செல்லும் பெற்றோருக்கு ஏழாண்டு வரை சிறை விதித்தது. முட்புதரில் வீசியவளுக்கும் மருத்துவமனை வாயிலில் கிடத்திவிட்டுப் போனவளுக்கும் அச்சட்டத்தின் சொற்களில் வேறுபாடு கிடையாது. 1870-இல் பெண்சிசுக் கொலைத் தடுப்புச் சட்டம் ஒன்று வந்தது. வடஇந்தியாவில் ஐயத்திற்குரிய குலங்களின் பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்து கண்காணிப்பது அதன் முறை. 1881-இல் சூரத் பகுதியில் விஜயலட்சுமி என்ற இளம் விதவைக்குத் தன் சிசுவைக் கொன்றதற்காக மரண தண்டனை விதித்தார்கள்; பின்னர் அது குறைக்கப்பட்டது. அவ்வழக்கைச் சாக்காக்கிப் பெண்ணினத்தையே தூற்றியவர்களுக்கு விடையாகத்தான் தாராபாய் சிந்தே 1882-இல் ஆண் பெண் ஒப்பீடு பற்றிய தம் புகழ்பெற்ற மராத்தி நூலை எழுதினார். அக்குழந்தையின் தகப்பன் எந்த நீதிமன்றத்தில் நின்றான் என்று கேட்க எனக்கும் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் இச்செய்தி பெரிதாக வெளிவந்தது 1985, 1986-ஆம் ஆண்டுகளில். மதுரையை அடுத்த உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண்சிசுக்கள் கொல்லப்படுவதைப் பத்திரிகைகள் எழுதின, நாடு திடுக்கிட்டது. ஏதோ ஒரு மூலையில், ஏதோ ஒரு சாதியில் நடப்பது என்று பலர் ஆறுதல் கொண்டனர். 1991-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு அந்த ஆறுதலைக் கெடுத்தது. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று எண்ணினார்கள். தமிழ்நாடு முழுமைக்கும் 948. சேலம் மாவட்டத்தில் 849.

கணிதம் பயிலும் மாணவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். இயற்கையில் ஆயிரம் ஆண் குழந்தைகள் பிறக்குமிடத்தில் பெண்கள் ஏறத்தாழ 950 பேர் பிறப்பர். அப்படியாயின், சேலத்தில் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் நூறு பெண் குழந்தைகள் எங்கே? இன்னொரு கணக்கும் உண்டு. பிறந்த முதல் வாரத்தில் ஆண் குழந்தையின் உயிரே மெலிந்தது. பெண் குழந்தை இயல்பாகத் தாக்குப்பிடிக்கும். இது மருத்துவம் அறிந்த உண்மை. இம்மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலைய ஏடுகளிலோ முதல் வாரத்தில் இறந்தவர்களுள் பெண்களே மிகுதியாக இருந்தார்கள். இறப்புக்குக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் கிராம செவிலியர்கள் "சமூகக் காரணம்" என்று எழுதியிருந்தார்கள். காய்ச்சல், பேதி, வலிப்பு என்று எழுதும் வரிசையில் இப்படி ஒரு சொல். பொய் எழுதவும் மனமில்லாமல், மெய் எழுதவும் துணிவில்லாமல் அப்பெண்கள் கண்ட நடுவழி அது.

நம் வட்டாரத்தார் இதைச் சேலத்துச் செய்தி என்று தள்ளிவிட முடியாது. 1965 அக்டோபரில் தருமபுரி தனி மாவட்டமாகும் வரையில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவிலேயே இருந்தன. அதன்பின் 2004 பிப்ரவரி வரை தருமபுரியில் இருந்தன. எல்லைக்கோடு மாறியதால் கொள்வினை கொடுப்பினையும் சீர்வரிசையும் மாறிவிடவில்லை. முதற் பெண்ணைத் தாங்குவார்கள், இரண்டாவதற்கு முகம் சுளிப்பார்கள், மூன்றாவதற்கு ஆபத்து. நிலம் துண்டாகிக்கொண்டே வந்தது. வரதட்சணை வளர்ந்துகொண்டே போனது.

1992-ஆம் ஆண்டில் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். திட்டம் எளியது. மருத்துவமனை, சுகாதார நிலையம், குழந்தைகள் இல்லம் போன்ற இடங்களில் தொட்டில் வைக்கப்படும். வளர்க்க இயலாதவர்கள் குழந்தையைக் கொல்லாமல் அதில் கிடத்திவிட்டுப் போகலாம். பெயர் கேட்கமாட்டார்கள், காவல் நிலையத்திற்கு இழுக்கமாட்டார்கள். குழந்தையை அரசு வளர்க்கும், அல்லது தத்துக் கொடுக்கும். ரோமாபுரிச் சக்கரத்தின் அதே வாக்குறுதிதான். சட்டப் புத்தகத்தில் 317-ஆம் பிரிவு அப்படியே இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் குற்றம் என்றதை அரசாங்கத்தின் இரக்கம் ஒரு தொட்டிலளவு இடத்தில் பொறுத்துக்கொண்டது.

முதற் சில ஆண்டுகளில் வந்த குழந்தைகள் நூற்றுச் சொச்சமே, பெரும்பாலும் பெண்கள். ஊரார் நம்பவில்லை. 1996-இல் ஆட்சி மாறியபின் திட்டம் சோர்ந்தது. 2001-இல் அது புத்துயிர் பெற்று, தருமபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களுக்கும் விரிந்தபோதுதான் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதன் எல்லைக்குள் வந்தன. அதற்குப் பின் வந்த குழந்தைகளை ஆயிரக்கணக்கில் எண்ண வேண்டியதாயிற்று. 2011-இல் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலைக்கும் சென்றது.

இடைப்பட்ட காலத்தில் தருமபுரியில் நடந்த வேறொரு முயற்சியையும் சொல்லாமல் விடக்கூடாது. எனக்கு அதில் மதிப்பு மிகுதி. 1997 முதல் 1999 வரை, டென்மார்க் நாட்டு உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், சிசுக்கொலைக்கு எதிராக மாவட்டம் முழுவதும் கலைப்பயணம் சென்றது. ஆட்சிப்பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். எந்தத் தெருவில் குந்தி அழுதாளோ அந்தத் தெருவிலேயே பாட்டும் நாடகமும் ஆடி, மாமியார், கணவன், ஊர்ப் பெரியவர் எல்லாரும் இருக்கும் சபையில் வழக்கை எடுத்து வைத்தார்கள். "சமூகக் காரணம்" என்று ஏட்டில் ஒளிந்திருந்ததைத் தெருவில் நிறுத்தி உரக்கச் சொன்னார்கள். அவ்வாண்டுகளில் அத்தகைய இறப்புகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன.

தொட்டிலைக் குறைகூறியவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதில் பொருள் உண்டு. பெண் குழந்தை வேண்டாமென்றால் அரசாங்கத்திடம் கொடுத்துவிடு என்று சொல்வது, அது வேண்டாத பொருள் என்பதை ஒப்புக்கொள்வது ஆகாதா என்று கேட்டார்கள். தொட்டிலுக்குக் கொண்டுவந்தது தாயா, அல்லது அவள் மயக்கம் தெளியுமுன் தூக்கி வந்த மாமியாரா என்று எவர் கேட்டார்? பெயர் கேளாத வாயில் அஞ்சி நிற்கும் தாயைக் காக்கும். அதே வாயில், தாய்க்குத் தெரியாமல் எடுத்து வருபவனுக்கும் வழிவிடும். பிறந்த அன்றே தாய்ப்பால் இன்றி வந்த மெலிந்த குழந்தைகளுள் சில பிழைக்காமல் போனதும் உண்டு. இலண்டன் கூடையின் பாடம் இங்கும் தப்பவில்லை. மேலும், வயிற்றிலேயே பெண் என்று கண்டு அழித்துவிடும் ஸ்கேன் பொறி வந்தபின், தொட்டில் வரை வராத குழந்தைகள் மிகுந்தன. அதைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்றி 1996 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சேலத்தின் எண் 1991-இல் 849. பத்தாண்டு கழித்து 2001-இல் 851. இரண்டு புள்ளி ஏற்றம். 2011-இல்தான் அது 910-ஐத் தாண்டியது. அந்த ஏற்றத்தில் தொட்டிலின் பங்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்தின் பங்கு எவ்வளவு, சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் தொட்டிலில் கிடத்தப்பட்டுப் பிழைத்த குழந்தையைப் பொறுத்தவரை இந்த வாதம் முழுவதும் வீண். அவள் உயிரோடு இருக்கிறாள்.

அமெரிக்காவில் 1999-இல் டெக்சாஸ் மாநிலம் இதற்கென்றே சட்டம் இயற்றியது. குறித்த இடத்தில் குறித்த நாட்களுக்குள் சிசுவை ஒப்படைத்தால் தண்டனை இல்லை என்பது சாரம். 2008-க்குள் ஐம்பது மாநிலங்களும் அவ்வாறே செய்தன. கடைசியாக வந்த நெப்ராஸ்கா, சிசு என்று எழுத வேண்டிய இடத்தில் வயது வரம்பின்றிக் குழந்தை என்று எழுதிவிட்டது. சில மாதங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகள், பதினான்கு பதினைந்து வயதினரும் இருந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே சட்டத்தைத் திருத்தி முப்பது நாள் என்று வரம்பிட்டார்கள். சட்டம் வரைபவர் ஒரு சொல்லில் தவறினாலும், அதன் வழியே ஒரு நாட்டின் மறைந்திருந்த துயரம் வெளியே வந்துவிடுகிறது.

நம் நாட்டில் இன்றுள்ள முறை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தைச் சார்ந்தது. அதன் 35-ஆம் பிரிவின்படி, தம்மால் தாங்க இயலாத உடல், உள்ள, சமூகக் காரணங்களால் குழந்தையை வளர்க்க முடியாத பெற்றோர், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து ஒப்படைக்கலாம். குழு விசாரித்து, ஆறுதலும் அறிவுரையும் கூறி, ஆவணம் எழுதி வாங்கும். அதன்பின் இரண்டு மாத அவகாசம். மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெறலாம். பிளாரன்ஸ் நகரத்து ஒடித்த நாணயத்தின் வேலையை இங்கே அறுபது நாட்கள் செய்கின்றன. தம் கையில் இல்லாத சூழ்நிலையால் கைவிட நேர்ந்த பெற்றோர் வேண்டுமென்றே கைவிட்டவராகக் கருதப்படமாட்டார். அச்சட்டத்தின் தண்டனை அவரைத் தொடாது என்பது 75-ஆம் பிரிவு. பழைய 317-உம் மறைந்துவிடவில்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 93-ஆம் பிரிவாக அதே ஏழாண்டுடன் நிற்கிறது. ஒரு சட்டம் வா என்கிறது. மற்றொரு சட்டம் பிடிப்பேன் என்கிறது. கிராமத்துப் பெண்ணின் காதில் இரண்டாவதே முதலில் விழுகிறது.

ஓசூரில் இன்று நிலைமை பழைய சேலம் ஜில்லாவினது அன்று. எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. வண்டித் தொழிற்சாலைகளும் கடிகாரத் தொழிற்சாலையும் தொடர்ந்தன. இப்போது மின்னணு ஆலைகளில் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் விடுதிகளில் தங்குகிறார்கள். முன்பே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒலித்த ஊரில் இன்று இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் அத்திப்பள்ளி. அது வேறு மாநிலம். இங்கே ஒரு பெண்ணுக்கு இடர் நேர்ந்தால் எந்தக் குழுவிடம் போக வேண்டும், எந்த மொழியில் பேச வேண்டும் என்று அவளுக்குச் சொல்பவர் யார்? மத்தியச் சட்டம் எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. 1098 என்ற தொலைபேசி எண்ணும் ஒன்றே. தொட்டில் அறிவிப்புப் பலகை தமிழில் மட்டும் இருந்தால், அவளுக்கு அது வெறும் பலகை. இதை அதிகாரிகள் காதில் விழுமாறு நான் சொல்வது வானொலியில் பேசுவதன் ஒரு சௌகரியம்.

ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன்னொரு காலத்தில் நான் இருந்த ஒரு பள்ளியில், இல்லம் ஒன்றில் வளர்ந்த சிறுமியை ஆறாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார்கள். தந்தை பெயர் என்ன என்று எழுத்தர் வரிசையில் நின்றவர் அனைவரும் கேட்கும்படி கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். எழுத்தர் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். காப்பாளர் பெயரை எழுதியிருக்கலாம். விதி அதற்கு இடம் கொடுத்தது. அப்போது எனக்கு அது தோன்றவில்லை. அந்தக் கோடு அப்பதிவேட்டில் இன்றும் இருக்கும்.

1992-இல் சேலத்துத் தொட்டில்களில் கிடத்தப்பட்ட குழந்தைகள் இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள். தத்தெடுக்கப்பட்டவர் பதினெட்டு வயது நிரம்பியபின் தம் வேரைத் தேட விண்ணப்பிக்கலாம் என்று தத்தெடுப்பு விதிகள் கூறுகின்றன. குழுவின் முன் வந்து ஒப்படைத்த பெற்றோர் தம் பெயர் வெளிப்பட வேண்டாமென்று கேட்டிருந்தால், அவர் இசைவின்றிப் பெயர் சொல்லப்படாது. எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார் என்பதை மட்டும் சொல்லலாம். எவரும் காணாத வேளையில் தொட்டிலில் விடப்பட்டவர் விண்ணப்பித்தால் தேடுவதற்கு ஏட்டில் அவ்வளவுகூட இராது. தொட்டில் இருந்த இடம் இருக்கும். எடுத்த நாள் இருக்கும். அன்றைக்குக் குழந்தையின் எடை எத்தனை என்பது இருக்கலாம்.